பாக்கியநாதன் திறந்து வைத்த கேட்

பாக்கியநாதனை ஏமாளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். சொல்வதோடு நிற்காமல், எந்த வருஷம், எந்த ரயில், எத்தனை நிமிஷம் என்று கணக்காகச் சொல்லி, கேட்கிறவர் சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தியும் கொடுப்பார். கேட் மூடியிருக்கும் நேரத்தில் நிற்கிற ஜனத்துக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?

கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம், மெட்ராஸிலிருந்து வடக்கே போகிற ஜி.என்.டி. ரோட்டிலிருந்து பிரிந்து கிழக்கே ஏரிக்கரை மீனவக் குப்பங்களுக்குப் போகிற சாலையில் ரயில்வே கேட் ஒன்று இருந்தது. அதில் கேட்மேன் அவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் குனிந்தே முதுகு வளைந்தவர். மகனாவது நிமிர்ந்து நிற்கட்டும் என்று மாதா கோயில் சாமியார் ஒரு கடிதம் கொடுத்து ரயில்வேயில் சேர்த்துவிட்டார். சாமியார் நினைத்ததற்கு மேலேயே நிமிர்ந்துவிட்டார் பாக்கியநாதன். காக்கிச் சட்டையும் பச்சைக் கொடியுமாக அவர் நின்றால் மெட்ராஸ் மெயிலே தன்னைக் கேட்டுவிட்டுத்தான் போகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஒரு வகையில் அது உண்மையும்தான். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். அவர் சக்கரத்தைச் சுற்றி கேட்டை இறக்கிப் பூட்டினால்தான் கைகாட்டி இறங்கும். கைகாட்டி இறங்கினால்தான் ரயில் கேட்டைத் தாண்டும். மில் முதலாளியின் காரும், கருவாட்டு வண்டியும், மீன்கூடைக்காரிகளும், தாசில்தார் ஜீப்பும் அந்தக் கம்பத்துக்கு முன்னால் வந்த வரிசைப்படி நிற்க வேண்டும். பதினாறு வருஷத்தில் யாருக்காகவும் அவர் ஒரு நிமிஷம் முந்தித் திறந்ததில்லை. சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஒரு கருப்புப் புள்ளி கிடையாது.

அந்தப் புள்ளியில்லாத ரிஜிஸ்தர்மேல் அவரைவிட அவர் மனைவி ஆரோக்கியமேரிக்குத்தான் அக்கறை அதிகம். கேட் ரூமை ஒட்டிய குடிசையில் தண்ணீர் கிடையாது. அரை மைல் தள்ளி ஒரு கிணறு. காலையில் மூன்று நடை, சாயங்காலம் இரண்டு நடை. பாக்கியநாதன் அடுத்த படியான பாயிண்ட்ஸ்மேன் ஆகிவிட்டால் ஸ்டேஷனை ஒட்டிக் குழாய் வைத்த குவாட்டர்ஸ் கிடைக்கும். பிரமோஷன் லிஸ்டில் அவர் பெயர் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பதை ஆரோக்கியமேரி ஸ்டேஷனுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டே வந்திருந்தாள்.

அரசியலில் பாக்கியநாதனுக்கு நாட்டம் இல்லை. அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. மூன்று தேர்தல் வந்துபோயும் அவர் விரலில் மை பட்டதில்லை. டூட்டி குறுக்கே நின்றது என்பார். டூட்டி இல்லாத நாளிலும் அது குறுக்கே நின்றதுதான் விசேஷம். எல்லாக் கட்சிக் கொடியும் தன் கம்பத்துக்கு முன்னால் ஒரே மாதிரிதான் தொங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். கேட்டோரம் டீக்கடை வைத்திருந்த துலுக்காணம் பேப்பர் படித்துவிட்டு விவாதத்துக்கு இழுத்தால், "எவன் வந்தா இன்னா துலுக்காணம், நான் கேட்டு போட்டுக்கினுதானே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடிப்பார். அதைச் சொல்லும்போது தான் பெரிய ஞானி என்று தோன்றும் என்பதையும் பிற்பாடு அவரேதான் சொன்னார்.

அறுபத்தேழு தேர்தல் வந்தது. ஒரே வாரத்தில் மூன்று வேட்பாளர்கள் அந்த கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவருடைய ஆட்கள் கம்பத்தைப் பிடித்து ஆட்டினார்கள். ஒருவர் சிகரெட் டப்பாவை நீட்டினார். மூன்றாமவர் வேலையைத் தொலைத்துவிடுவேன் என்று காருக்குள்ளிருந்தே விரல் ஆட்டினார். பாக்கியநாதன் மூன்று பேருக்கும் ஒரே முகத்தைக் காட்டினார். அப்புறம் நாலாவது கார் வந்தது.

அதில் வந்தவர் பெயர் மணவாளன். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. பாக்கியநாதனுக்கே அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கூட வந்த ஒருவன் இறங்கி ஓடிவந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் தெரியுமா, திற என்று அதட்டினான். கார்க் கதவு திறந்தது. மணவாளன் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புழுதியில் இறங்கி நடந்து வந்தார்.

"டேய், சும்மா இரு. அது அவரு கேட்டு, அவரு சட்டம். எல்லாரும் நிக்கறாங்க இல்ல, நாமளும் நிக்கலாம்" என்றார்.

பாக்கியநாதன் வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை. அவர் அப்பாவும் கேட்டதில்லை. மணவாளன் கேட் ரூம் வாசலில் கிடந்த பழைய தண்டவாள ஸ்லீப்பர் கட்டையில் உட்கார்ந்தார். பெயரைக் கேட்டார். கேட்மேன் சாய்ந்து நடப்பதைப் பார்த்துவிட்டு முட்டி வலியா என்று கேட்டார். நொச்சி இலையை வதக்கிக் கட்டச் சொன்னார். சொம்பில் தண்ணீர் வாங்கி அண்ணாந்து குடித்தார். பின்னால் நின்ற பஸ்காரர்களும் மீன்கூடைக்காரிகளும் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். அவர்களிடமும் பேசினார். ஓட்டுக் கேட்கவே இல்லை. ரயில் போய் கேட் திறந்ததும் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். போட வேண்டிய கும்பிடு தன்னுடையதாயிற்றே என்று பாக்கியநாதனுக்குத் தோன்றுவதற்குள் கார் வளைவு திரும்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் துலுக்காணம் கும்மிடிப்பூண்டி பஜாரில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து ஒரு செய்தி சொன்னான். பாக்கியநாதன் நம்பவில்லை. அடுத்த கூட்டம் பொன்னேரியில். ஆரோக்கியமேரியிடம் சொல்லாமல், துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, டூட்டி மாற்றிக்கொண்டு போனார். கூட்டத்தின் கடைசியில் ஒரு புளியமரத்தின் மறைவில் நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து மணவாளன் பேச்சில் அது வந்தது.

"பணக்காரன் காரையும் ஏழை வண்டியையும் ஒரே வரிசையில நிறுத்தி வெக்கற மனுசன் இந்த நாட்டுல ஒருத்தரைத்தான் நான் பாத்தேன். அவரு மந்திரி இல்ல, கலெக்டர் இல்ல. ஒரு ரயில்வே கேட்டுல நிக்கறாரு. அவரு பேரு பாக்கியநாதன்."

கைதட்டல் எழுந்தது. புளியமரத்தடியில் நின்ற மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெயர் வைத்த நாளிலிருந்து அந்தப் பெயரை அத்தனை பேர் சேர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்றவனிடம், அந்தப் பாக்கியநாதன் நான்தான் என்று சொன்னார். அவன் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேர்க்கடலை வாங்கப் போய்விட்டான். அதற்காக அவர் வருத்தப்படவில்லை.

முதல் ஓட்டு அந்த வருஷம் போட்டார். மை இருக்கும் விரலை ஒரு வாரம் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டார். மணவாளன் ஜெயித்தார். அடுத்த நாலு வருஷம் அவருக்காகச் சம்பளமில்லாமல் உழைத்த ஆள் பாக்கியநாதன்தான். கேட் மூடிய ஒவ்வொரு தடவையும் நின்ற கூட்டத்துக்கெல்லாம் மணவாளன் உட்கார்ந்த கட்டையைக் காட்டினார். யாராவது அதில் உட்காரப் போனால் துண்டால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். எவன் வந்தா இன்னா என்று சொன்ன வாய்தானே இது என்று துலுக்காணம் கிண்டல் செய்தால், அந்த வாய் வேறே, இந்த வாய் வேறே என்றார்.

அவர் ஜெயித்து நமக்கு என்ன செய்தார், குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாயா என்று ஆரோக்கியமேரி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம் கேட்டாள். அதையெல்லாம் கேட்கிற பழக்கமா இது என்று பாக்கியநாதன் சொல்வார். மொத்தப் பழக்கமும் இருபது நிமிஷம் என்பதை அவள் ஞாபகப்படுத்துவாள். மணவாளன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்வாள். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று இவர் பரிந்து பேசுவார்.

எழுபத்தொன்றில் மறுபடி தேர்தல். மணவாளன் காலை எட்டு மணி சுமாருக்கு இந்த வழியாகக் குப்பங்களுக்குப் போகிறார் என்று துலுக்காணம் சேதி கொண்டுவந்தான். அன்று ராத்திரி பாக்கியநாதனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் தனக்காகப் புழுதியில் நின்றவர். திரும்பத் தன்னால் என்ன செய்ய முடியும்? கையில் இருப்பது ஒரே ஒரு கேட். அதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது என்று முடிவு செய்தார். அந்த மனிதர் இனிமேல் அந்தக் கம்பத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் அவர் செய்த யோசனைகளிலேயே அதிக நேரம் எடுத்தது அது என்றும், மோசமானதும் அதுதான் என்றும் பிற்பாடு சொல்வார்.

காலையில் சாமந்தி மாலை ஒன்று வாங்கி வைத்திருந்தார். எட்டே காலுக்குப் போன் அடித்தது. மெட்ராஸ் போகிற காலைப் பாசஞ்சர் கிளம்பத் தயார், கேட்டைப் போடு என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் துளசிராமன். இதோ சார் என்று வைத்துவிட்டு வெளியே வந்து சாலையைப் பார்த்தார். ரோட்டு முனையில் கொடி கட்டிய ஜீப்பும் காரும் தெரிந்தன. நகரவில்லை. ஆரத்தி எடுக்கிறார்கள் போலும், இதோ வந்துவிடுவார்கள் என்று நின்றார். போன் அடித்தது. ஒரு நிமிஷம் சார் என்றார். ரயில் மெல்ல வந்து கைகாட்டிக்கு முன்னால் நின்றுவிட்டது. ஊதியது. மறுபடி ஊதியது. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்கள். ரோட்டு முனையில் கார் அசையவில்லை. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பது நிமிஷம். பதினாறோடு நாலு, இருபது வருஷம் காப்பாற்றிய ரிஜிஸ்தர் அந்த ஒன்பது நிமிஷத்தில் போயிற்று.

கடைசியில் கார் வந்தது. பாக்கியநாதன் மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திறந்த கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஜீப் போயிற்று. கார் போயிற்று. நிற்கவில்லை, வேகம்கூடக் குறையவில்லை. மணவாளன் பின் சீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சிடுசிடுப்பாக உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புழுதி அடங்கியதும் பாக்கியநாதன் கேட்டை இறக்கினார். ரயில் போகும்போது விதிப்படி பச்சைக் கொடி காட்ட வேண்டும். மாலை கையில் இருந்ததால் அதையும் சேர்த்தே காட்டினார். பெட்டிக்குப் பெட்டி வசவு விழுந்தது. மாலையை அப்புறம் ஆரோக்கியமேரியின் ஆடு தின்றது. அந்தத் தேர்தலில் பலன் அடைந்தது அந்த ஆடு ஒன்றுதான்.

விசாரணைக்கு மெட்ராஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் இவரைப் போலவே காக்கிச் சட்டையும் உலர்ந்த உதடுமாக இன்னொருவர் இருந்தார். பெயர் தானியேல், வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு கேட். என்ன கேஸ் என்று கேட்டார் பாக்கியநாதன். ஒருத்தருக்காகக் கேட்டை மூடாமல் வைத்திருந்தேன் என்றார் தானியேல். எத்தனை நிமிஷம்? ஆறு. பாக்கியநாதனுக்கு ஒரு விநாடி தன் ஒன்பதைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது. யாருக்காக என்று கேட்டதும் தானியேல் பெயரைச் சொன்னார். அதே பெயர்.

"மீட்டிங்குல எம் பேர சொன்னாரு, நானே காதால கேட்டேன். திருவள்ளூர்ல. பணக்காரன் காரையும் ஏழை வண்டியையும் ஒண்ணா நிறுத்தற ஒரே மனுசன் தானியேலுதான்னாரு" என்றார் தானியேல்.

பாக்கியநாதன் பெஞ்சில் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"உனுக்கும் முட்டிதானா?" என்று கேட்டார்.

"இல்ல, எனுக்கு இடுப்பு."

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கி, உள்ளேயிருந்து பியூன் வந்து அதட்டுகிற வரைக்கும் சிரித்தார்கள். அப்புறம்தான் தானியேல் மீதியைச் சொன்னார். மணவாளனின் டிரைவர் அவர் ஊர்க்காரன்.

"சட்டப் பையில எப்பவும் ரயில்வே டைம்டேபிள் வெச்சிக்கினு இருப்பாராம். வண்டி வர நேரமாப் பாத்துத்தான் கேட்டுக்கே வருவாராம். பந்தல் வாணாம், ஆள் பிடிக்க லாரி வாணாம். கேட்டு மூடுனா கூட்டம் தானா நிக்குது, எங்கியும் ஓட முடியாது. நாம இன்னாடான்னா தொறந்து வெச்சிக்கினு நிக்கறோம்."

பாக்கியநாதனுக்கு அப்போதுதான் ரோட்டு முனையில் அசையாமல் நின்ற கார் விளங்கியது. ஆரத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. கேட் எப்போது மூடும் என்று மணவாளன் அங்கே காத்திருந்தார். அவர் எப்போது வருவார் என்று இவர் இங்கே காத்திருந்தார். நடுவில் ஒரு ரயில் நிறைய ஆட்கள் அரை நாள் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது மூடின கேட். இருபது வருஷமாக அதை ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தவர், அவருக்கு வேண்டிய அந்த ஒரு நாளில் பார்த்துத் திறந்து வைத்துவிட்டார்.

லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆரோக்கியமேரி அழவில்லை. திட்டவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அது அவருக்கு வலித்தது. சிரிப்புக் காட்டிக் கதை சொல்லத் தொடங்கியதே அந்த வலியைச் சமாளிக்கத்தான். ஆறு வருஷம் அந்தக் கதையைச் சொன்னார். ஆறு வருஷமும் அவள் தண்ணீர் சுமந்தாள். மணவாளன் பெயரை எடுத்தாலே, அந்தாளு என் கண்ணில் பட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன் என்பாள். பாக்கியநாதனும் ஒரு கேள்வியைத் தயார் செய்து வைத்திருந்தார். அண்ணா, டைம்டேபிள் பார்த்துத்தானே வந்தீர்கள்? இதைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று தனியாகச் சொல்லிப் பார்த்துமிருக்கிறார்.

எழுபத்தேழு வந்தது. மேற்கே புதுக் கம்பெனிகளுக்குக் காம்பவுண்டு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், பஸ், மீன்கூடைகள் எல்லாமாக ஒரு சாயங்காலம் கேட்டில் நல்ல கூட்டம். கூட்ஸ் வண்டிக்காக மூடியிருந்தது. சரியாக அப்போது கார் வந்தது. கொடியின் நிறம் மாறியிருந்தது. மணவாளன் கொஞ்சம் பருத்திருந்தார். கதவைத் திறந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புழுதியில் இறங்கினார். பாக்கியநாதன் கேள்வியை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தார்.

"பாக்கியநாதன் அண்ணா, முட்டி எப்பிடி இருக்குது? நொச்சி இலை கட்டினீங்களா?"

பத்து வருஷம். பெயரும் தப்பவில்லை, இடுப்பு என்று மாறியும் போகவில்லை. யாராவது எழுதி வைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று பாக்கியநாதனின் புத்தி சொன்னது. அது சொல்லி முடிப்பதற்குள் கை துண்டை எடுத்து ஸ்லீப்பர் கட்டையைத் தட்டிவிட்டது. "கட்டினேண்ணா, இப்ப தேவல" என்றது வாய். இன்றைக்கு வரை அவர் நொச்சி இலையை வதக்கியதே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஆரோக்கியமேரி இடுப்பில் குடத்தோடு வந்தாள். மணவாளன் சொம்பில் தண்ணீர் கேட்டார். அவள் குடத்தை இறக்கி, மொண்டு, கொடுப்பதற்கு முன்னால் சொன்னாள்:

"இது அரை மைலு நடந்து எடுத்தாந்த தண்ணி. ஆறு வருசத்துக்கு முன்னாடி உங்களுக்காவ இவரு கேட்டத் தொறந்து வெச்சாரு. அதனால எங்களுக்குக் குழா தண்ணி இல்லாமப் பூட்ச்சி. குடிங்க."

மீன்கூடைக்காரிகள் இன்னும் நெருங்கி வந்தார்கள். பாக்கியநாதனுக்குத் தன் மனைவியைப் பார்க்கப் பெருமையாகவும், மணவாளனைப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது. மணவாளன் முகம் மாறவில்லை. சொம்பை வாங்கி, ஒரு சொட்டு கீழே விழாமல் முழுவதும் குடித்தார். குடித்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். சொம்பைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பாத்துக்கோங்க. இந்தத் தாய் அரை மைல் நடந்து கொண்டுவந்த தண்ணி. என்னால கஷ்டப்பட்டும் எனக்குக் குடுத்தாங்க. தாயே, உங்க தலையில இருக்கற குடத்தை இறக்காம இந்த மணவாளன் தூங்க மாட்டான்."

பஸ்ஸின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். குடம் தலையில் இல்லை, இடுப்பில்தான் இருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கூட்ஸ் வண்டி கடந்தது. பாக்கியநாதன் விதிப்படி கேட்டைத் தூக்கினார். கார் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது ஆரோக்கியமேரி அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டையைத் துடைத்ததற்கு இன்று நன்றாகக் கிடைக்கும் என்று அவர் தயாராகத்தான் வந்தார். அவள் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம், "அம்மாம் பேரு எதிர்ல என்னைத் தாயேன்னாரு. கேட்டியா நீ?" என்றாள்.

ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்த சிரிப்பெல்லாம் பாக்கியநாதனுக்கு வந்து முட்டியது. தானியேல், டைம்டேபிள், கேட் மூடுகிற நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தார். பொன்னேரிப் புளியமரத்தடியில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

"கேட்டேன் மேரி" என்றார்.

ஓட்டுப் போடுகிற நாளில் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். ஓட்டுச்சாவடி வைத்த பள்ளிக்கூடம் கிணற்றுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. திரும்பும்போது நிரப்பிக்கொண்டு வர வசதியாகக் குடத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.